மருத்துவமனைத் தொற்று: பரவும் வழியும் மறிக்கும் வழியும்

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் மருந்து வாசனையை வைத்து, "நல்லா சுத்தமா வெச்சிருக்காங்க" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. "அங்கே போனாலே இல்லாத நோயும் வந்து ஒட்டிக்கும்" என்று பயந்து, போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். கிருமி என்றால் கட்டிடம் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஏதோ ஒன்று, மருந்து தெளித்தால் ஓடிவிடும், தெளிக்காவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம்.

உண்மை இதைவிடச் சாதாரணமானது. மருத்துவமனையில் தொல்லை கொடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றால் தாமாக ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போக முடியாது. யாராவது, அல்லது ஏதாவது, சுமந்துகொண்டு போய் விட வேண்டும். அந்தச் சுமப்பை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதுதான் தொற்றுக் கட்டுப்பாடு. வாசனைக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

எது மருத்துவமனைத் தொற்று?

ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காகச் சிகிச்சைக்கு வருகிறார். வரும்போது அவரிடம் இல்லாத ஒரு தொற்று, சிகிச்சையின் போக்கில் அவருக்கு வந்துவிடுகிறது. இதைத்தான் மருத்துவமனைத் தொற்று என்கிறோம். வந்த அன்றே காய்ச்சல் அடித்தால் அது வெளியிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை இந்தக் கணக்கில் வைப்பது பொதுவான வழக்கம்.

இது அரிதான விபத்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனைகளில் சேரும் 100 பேரில் வசதியான நாடுகளில் சுமார் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் சுமார் 15 பேருக்கும் ஒரு மருத்துவமனைத் தொற்றாவது வருகிறது. அப்படித் தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்துபோகிறார்.

அங்கே மட்டும் ஏன் இப்படி? வேறெங்கும் ஒன்றுசேராத சில விஷயங்கள் ஒரே கூரைக்கு அடியில் சேர்ந்துவிடுகின்றன. கிருமியைச் சுமப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள். ஊசி, குழாய், அறுவை என்று உடலின் இயல்பான வேலியான தோலில் நாமே வாசல் திறந்து வைக்கிறோம். போதாததற்கு, ஆன்டிபயாடிக் மருந்துகள் எந்நேரமும் புழங்குவதால் அவற்றுக்கு அடங்காத கிருமிகளே அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு மிஞ்சுகின்றன.

தைலம் தடவிய விரல்

தலைவலித் தைலத்தை நெற்றியில் தேய்த்துவிட்டு, மறந்துபோய் கண்ணைக் கசக்கியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். விரலில் எதுவும் தெரியவில்லை. விரல் எரியவும் இல்லை. ஆனால் அதே தைலம் கண்ணில் பட்டதும் உயிர் போகிறது. நடுவில் நீங்கள் தொட்ட போன், கதவுப் பிடி, கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

கிருமியின் கதையும் இதுதான். நம் தோலிலும் மூக்கிலும் குடலிலும் ஏராளமான பாக்டீரியாக்கள் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கின்றன. இப்படிக் கிருமி உடலில் தங்கியிருந்தும் நோய் எதுவும் உண்டாக்காத நிலைக்குக் குடியேற்றம் என்று பெயர். அதே கிருமி இடம் மாறி, திசுவுக்குள் நுழைந்து, பெருகி, உடலைப் பாதிக்கத் தொடங்கினால்தான் அது தொற்று. மூக்கில் சும்மா இருக்கும் ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா, அறுவைக் காயத்துக்குள் போனால் சீழ் வைக்கும். ரத்தத்துக்குள் போனால் உயிருக்கே உலை வைக்கும். குடலில் நல்ல பிள்ளையாக இருக்கும் ஈ.கோலை, சிறுநீர்ப்பைக்குள் ஏறினால் காய்ச்சலும் எரிச்சலும்தான்.

கையில் இருக்கும் கிருமிகளிலும் இரண்டு வகை. தோலின் ஆழத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவை ஒரு வகை. எதையோ யாரையோ தொட்டதால் மேலே ஒட்டிக்கொண்டு வந்தவை இன்னொரு வகை. இந்த ஒட்டி வந்தவைதான் மருத்துவமனையில் முதல் எதிரி. நல்ல செய்தி என்னவென்றால், இவற்றைத்தான் எளிதாக அகற்றவும் முடியும். கையை முழுக்கக் கிருமியற்றதாக ஆக்க முடியாது. ஆக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு வார்டில் சில நிமிடங்கள்

ஒரு நர்ஸ் முதல் கட்டிலில் இருப்பவரின் சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். கையுறை போட்டிருக்கிறார். பையின் திருகை மூடிவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து பக்கத்துக் கட்டிலின் மானிட்டர் கத்துகிறது. இரண்டு எட்டு வைத்து அதன் பொத்தானை அழுத்துகிறார். டிரிப்ஸ் ஓடவில்லை என்று தெரிகிறது. குழாயின் இணைப்பைக் கழற்றி, சரிசெய்து, மறுபடி மாட்டுகிறார்.

எல்லாம் ஒரு நிமிட வேலை. அவர் சோம்பேறியும் இல்லை, அலட்சியக்காரரும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடியவர். ஆனால் முதல் நோயாளியின் சிறுநீரில் இருந்த பாக்டீரியா கையுறையில் ஏறி, கம்பியில் கொஞ்சம் இறங்கி, பொத்தானில் கொஞ்சம் இறங்கி, கடைசியாக இரண்டாவது நோயாளியின் ரத்தக் குழாய்க்குப் போகும் வாசலில் வந்து நிற்கிறது. இரண்டு நாள் கழித்துக் குளிர்க் காய்ச்சல் வந்தால், அந்த ஒரு நிமிடத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். தொற்றுக் கட்டுப்பாட்டின் பெரிய சங்கடம் இதுதான்: தவறுக்கும் விளைவுக்கும் நடுவே நாட்கள் ஓடிவிடுகின்றன.

இந்தப் பயணத்தில் ஐந்தாறு கண்ணிகள் இருக்கின்றன: கிருமி, அது தங்கியிருந்த இடம், வெளியேறிய வாசல், பயணித்த வழி, உள்ளே நுழைந்த வாசல், எதிர்க்க முடியாத ஓர் உடல். இதற்குத் தொற்றுச் சங்கிலி என்று பெயர். எல்லாக் கண்ணிகளையும் உடைக்க வேண்டியதில்லை. ஒன்றை உடைத்தால் போதும். இரண்டு கட்டில்களுக்கு நடுவே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு 20 விநாடி கையைத் தேய்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: கிருமி எங்கும் இருக்கிறது, ஆனால் இருப்பதாலேயே நோய் வருவதில்லை. தவறான இடத்துக்குச் சுமந்து செல்லப்படும்போதுதான் வருகிறது. சுமப்பது பெரும்பாலும் கை.

வியன்னாவில் நடந்தது

கைதான் சுமக்கிறது என்று முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர்களில் முக்கியமானவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர்கள் பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். கர்ப்பிணிகளுக்கே இது தெரிந்து, அந்தப் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள்.

1847இல் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி, பிரசவக் காய்ச்சல் போன்ற அறிகுறிகளோடே இறந்தார். செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணவறைப் பக்கமே போவதில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று மே மாதம் உத்தரவிட்டார். ஏப்ரலில் 100க்கு 18 அளவில் இருந்த இறப்பு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது.

வேடிக்கை என்னவென்றால், நோய்க்குக் காரணம் கிருமி என்ற கொள்கை அப்போது நிலைபெறவே இல்லை. பிணவறை நாற்றத்தைப் போக்குகிறதே என்றுதான் அவர் அந்தக் கரைசலைத் தேர்ந்தெடுத்தார். வாசனையை நம்பி எடுத்த முடிவு பலித்தது, குளோரின் கிருமியையும் கொல்லும் என்பதால். சோப்பால் கழுவியும் மருத்துவர்கள், மாணவர்களின் கைகள் அதுவரை அந்த நாற்றத்தோடுதான் இருந்தன. பார்வைக்குச் சுத்தமான கைகளே ஆளைக் கொன்றுகொண்டிருந்தன என்பதைப் பல மருத்துவர்களால் ஏற்க முடியவில்லை. அந்த மனத்தடை இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை என்பதுதான் என் எண்ணம்.

கையை எப்போது, எதனால்?

"அடிக்கடி கை கழுவுங்கள்" என்ற அறிவுரை நல்லெண்ணம் கொண்டது, ஆனால் மருத்துவமனைக்கு அது போதாது. எத்தனை தடவை என்பதைவிட, எந்தத் தருணத்தில் என்பதுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி, கட்டு, குழாய் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைத் தொடாவிட்டாலும் அவரைச் சுற்றியிருக்கும் பொருட்களைத் தொட்ட பின். முதல் இரண்டும் நோயாளியைக் காக்க. மற்ற மூன்றும் ஊழியரையும் அடுத்த நோயாளியையும் காக்க. மனிதர்கள் தம்மைக் காக்கும் தருணங்களில் மறக்காமல் கழுவிவிட்டு, பிறரைக் காக்கும் தருணங்களில் மறந்துபோவது சகஜம்.

கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஆல்கஹால் சானிடைசர்தான் முதல் தேர்வு. 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். சோப்பும் தண்ணீரும் என்றால் துடைப்பது உட்பட 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் கிருமியின் புரதங்களைச் சிதைக்கிறது, கொழுப்பு உறையைக் கரைக்கிறது. இதற்குக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. அதனால் தான் சுத்தமான 100 சதவீத ஆல்கஹாலைவிட, 60 முதல் 80 சதவீதம் உள்ளதே நன்றாக வேலை செய்கிறது. அதிகம் என்றால் நல்லது என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஆனால் சானிடைசர் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா ஸ்போர் நிலைக்குப் போகும். ஸ்போர் என்பது தடித்த ஓட்டுக்குள் உறங்கும் வித்து. ஆல்கஹால் அந்த ஓட்டைத் தொடக்கூட முடியாது. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. அவை ஸ்போரைக் கொல்வதில்லை, தேய்த்து அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

தேய்க்கும்போது உள்ளங்கையையே திரும்பத் திரும்பத் தேய்க்கிறோம். நோயாளியைத் தொடுவது விரல் நுனியும் கட்டைவிரலும், விட்டுப்போவதும் அவைதான். மோதிரத்துக்கு அடியிலும் நீண்ட நகத்துக்கு அடியிலும் எதுவும் சரியாக எட்டுவதில்லை.

கையுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட பொருள் அதுதான். கையுறை அணிந்தவரின் தோலைக் காக்கும். அதன் வெளிப்புறம் என்னவோ இன்னொரு தோல்தான். வெறும் கையைப் போலவே அதுவும் கிருமியைச் சுமக்கும். வெறும் கையில் ஏதாவது பட்டால் பிசுபிசுப்பு உறுத்தும், உடனே கழுவுவோம். கையுறையில் அந்த உறுத்தலும் இல்லை. போட்டபடியே போன் எடுப்பவர், கோப்பில் எழுதுபவர், கதவைத் திறப்பவர் யாரையும் காக்கவில்லை. கழற்றும்போது கையில் படும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் இருக்கலாம். அதனால் கழற்றிய பிறகும் கை சுத்தம் உண்டு.

உடலுக்குள் போகும் குழாய்கள்

சிறுநீர்க் குழாய், கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தப்படும் சென்ட்ரல் லைன், மூச்சுக்குழாய்க்குள் போகும் வென்டிலேட்டர் குழாய். தீவிரமான மருத்துவமனைத் தொற்றுகளில் பெரும்பங்கு இவற்றைச் சுற்றியே வருகிறது. வெளியிலிருந்து உள்ளே ஒரு நேர்ப்பாதை கிடைத்துவிடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, குழாயின் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் ஒட்டி, வழவழப்பான படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழத் தொடங்குகின்றன. இதற்கு பயோஃபிலிம் என்று பெயர். அதற்குள் இருப்பவற்றை ஆன்டிபயாடிக்கும் உடலின் எதிர்ப்பணுக்களும் எளிதில் நெருங்க முடியாது. பல நேரங்களில் குழாயையே எடுத்துவிடுவதுதான் சிகிச்சை.

இதைக் குறைக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை என்று காட்டியது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு முயற்சி. சுமார் நூறு ஐ.சி.யு.க்களில் சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே விஷயங்களைத் தவறாமல் செய்தார்கள்: ஒன்று, கை சுத்தம்; இரண்டு, தொப்பி, முகக்கவசம், மேலங்கி, நோயாளியை முழுக்க மூடும் துணி என்ற முழுத் தடுப்பு; மூன்று, தோலில் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி; நான்கு, முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிர்ப்பது; ஐந்து, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, 1000 குழாய்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. ஐந்தும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவைதான். மருத்துவர் ஒன்றை விட்டுவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்ததுதான் புதிது. என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலைவிட இதற்குத்தான் தைரியம் வேண்டும்.

கழுவியது, தொற்றுநீக்கியது, ஸ்டெரிலைஸ் செய்தது

இந்த மூன்றையும் ஒன்றாகப் பேசுகிறோம். மூன்றும் வேறு. சோப்பு, தண்ணீர், பிரஷ் கொண்டு அழுக்கையும் அதோடு பெரும்பாலான கிருமிகளையும் அகற்றுவது கழுவுதல். ரசாயனத்தாலோ சூட்டாலோ நோய் தரும் கிருமிகளைக் கொல்வது தொற்றுநீக்கம். இதில் ஸ்போர்கள் தப்பிவிடலாம். ஸ்போர் உட்பட எதுவுமே உயிரோடு மிஞ்சாதபடி செய்வது ஸ்டெரிலைசேஷன்.

எதற்கு எது என்பது அந்தப் பொருள் உடலில் எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது. கத்தி, கத்தரிபோல திசுவுக்குள் போவதற்கு ஸ்டெரிலைசேஷன். உடலுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்போல ஈரமான உட்சவ்வில் படுவதற்குக் குறைந்தது உயர்நிலைத் தொற்றுநீக்கம், அதாவது சில ஸ்போர்கள் தவிர மற்ற எல்லாக் கிருமிகளையும் கொல்வது. ரத்த அழுத்தப் பட்டை, ஸ்டெதாஸ்கோப்போல காயமில்லாத தோலில் மட்டும் படுவதற்குக் கழுவுவதும் துடைப்பதும் போதும். இந்தப் பாகுபாட்டை வகுத்தவர் ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர்.

வெறுமனே கொதிக்கவைத்தால் ஸ்டெரிலைஸ் ஆகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. 100 டிகிரியைத் தாங்கும் ஸ்போர்கள் உண்டு. ஆட்டோகிளேவ் கருவி அழுத்தத்தைக் கூட்டி, நீராவியை 121 அல்லது 134 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. அந்த நீராவி பொருளின் ஒவ்வொரு இடத்திலும் நேரடியாகப் பட வேண்டும். உள்ளே காற்று மாட்டியிருந்தாலோ, கத்தரியின் மூட்டில் காய்ந்த ரத்தம் இருந்தாலோ, அதற்கடியில் கிருமி பத்திரமாக இருக்கும். கழுவாத கருவியை ஸ்டெரிலைஸ் செய்ய முடியாது என்று சொல்வது இதனால்தான். பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். பொட்டலம் சூட்டைப் பார்த்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உள்ளே கிருமி செத்ததா என்று அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் ஸ்போர்களையே உள்ளே வைத்து, பிறகு வளர்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

ஊசிக்கும் ஒரு வார்த்தை. ஊசியை மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை இன்னொருவருக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறியிருக்கும். இரண்டுமே ஒருவருக்கு ஒருமுறைதான். குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. ஊழியர்கள் விரலில் குத்திக்கொள்ள அது ஒரு முக்கியமான காரணம்.

காற்றில் வருவது

கிருமிக்குச் சுமப்பவர் வேண்டும் என்று சொன்னேன். சிலவற்றுக்குக் காற்றே சுமை தூக்கி. காசநோய், தட்டம்மை, சின்னம்மை இவற்றின் கிருமிகள் மூச்சில் வெளிவரும் நுண்துகள்களில் மிதந்து அறை முழுக்கப் பரவும். தட்டம்மை உள்ளவர் அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை அங்கே தொற்று இருக்கலாம். பெரிய துளி உடனே விழுந்துவிடும், சிறியது மட்டும் மிதக்கும் என்று கோடு கிழித்துப் பிரித்துவந்தார்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த புதிய வரையறைகளில் அந்தக் கோடு இல்லை. எல்லா அளவுகளிலும் துகள்கள் உண்டு, தூரமும் காற்றோட்டமும்தான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

அதனால் இந்த நோயாளிகளுக்கு எதிர்மறை அழுத்த அறை. உள்ளே வரும் காற்றைவிட வெளியேற்றும் காற்று அதிகமாக இருப்பதால், கதவு இடுக்கு வழியாகக் காற்று உள்ளே மட்டுமே போகும். மணிக்கு 12 முறை அறையின் காற்று மாறும். கதவைத் திறந்து போட்டுவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண். இந்த வசதி இல்லாத இடத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைப்பதே பெரிய உதவி.

சாதாரண அறுவை முகக்கவசம் முகத்தோடு ஒட்டாது. அணிந்தவரிடமிருந்து வெளிவருவதைக் குறைப்பதுதான் அதன் முதல் வேலை. என்95 கவசம் பிடிக்கவே கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் 95 சதவீதத்தைத் தடுக்கும், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டும். தாடி இருந்தால் அந்தப் பொருத்தம் கெட்டுவிடும்.

சுருக்கமாக: தொடுதலால் பரவுவதற்குக் கையும் கருவியும், ரத்தத்தால் பரவுவதற்கு ஊசி ஒழுக்கமும், காற்றால் பரவுவதற்குக் காற்றோட்டமும் கவசமும். யாரிடம் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது என்பதால், அடிப்படை விதிகளை எல்லா நோயாளிகளிடமும் ஒரேமாதிரி பின்பற்றுவார்கள். குறிப்பிட்ட நோய் உறுதியானால் அதற்குரியதைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

நோயாளியும் பார்க்க வருபவரும்

"எதற்கும் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்பவர்கள் அதிகம். அறுவைக்கு முன், சரியான நேரத்தில் கொடுக்கும் மருந்து பயன் தரும். அறுவை முடிந்த பிறகும் தடுப்புக்காக நாள்கணக்கில் தொடர்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அது குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்று, முன்னே பார்த்த அந்த டிஃபிசில் பாக்டீரியாவுக்கு இடம் காலி செய்து கொடுக்கும். அறுவைக்கு முன் வீட்டிலேயே பிளேடால் சவரம் செய்துகொண்டு வருவதும் தவறு. தோலில் நுண்ணிய கீறல்கள் விழுந்து, கிருமி தங்க இடமாகிவிடும். முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் எடுப்பார்கள்.

சிறுநீர்க் குழாயோ டிரிப்ஸ் ஊசியோ இருந்தால், "இது இன்னும் தேவையா?" என்று தினமும் கேட்கலாம். தொட வருபவரிடம் கை சுத்தம் செய்தீர்களா என்று கேட்பது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் நியாயமானது. சிரித்தபடி கேட்டால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

பார்க்கப் போகிறவர்கள் கட்டிலின் மேல் உட்கார வேண்டாம். குழாய்களையும் கட்டையும் தொட வேண்டாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள், கூடவே கையிலேயே இருக்கும் அந்தப் போனையும் துடையுங்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று உங்களுக்கே ஏதாவது இருந்தால் நேரில் போகாதீர்கள். போனில் விசாரித்தால் போதும்.